கதிரை ஓடை

முன்ன ஒரு காலத்தில, கடல்தண்ணி வந்து சேருற இந்தக் களப்புக் கரையில, கண்டல்முனை எண்டு நம்மட வேடர் ஊர் ஒண்டு இருந்திச்சாம். அந்த ஊருக்கு ராசாவும் இல்ல, தலைவனும் இல்ல. ஒரு காரியம் எண்டா எல்லாரும் மண்ணில வட்டமாக் குந்தி இருப்பாங்களாம். ஆம்புள பேசும், பொம்புள பேசும். ஒருத்தர் மாட்டன் எண்டாலும் அந்தக் காரியம் நிண்டுபோகுமாம்.

அந்த ஊரில கண்ணாத்தை எண்டொரு பொம்புள. அவட தம்பி ஓமன். தாயில்லாத புள்ள எண்டு அவதான் தூக்கி வளர்த்தவ.

களப்புக்கு அங்கால ஒரு போடியார், வயலும் மாடுமா வெச்சிருந்த பெரிய ஆள். அவருக்கு நம்மட மீன் ஓடையில கண். ஓடையைக் கேட்டு ஊரோட பேச வந்தார். எல்லாரும் பேசினாங்க, ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லல்ல. "இந்தச் சனத்தோட மனுசன் பேசேலுமா? ஓம் சொல்ல எனக்கு ஒரு வாய் காணும்!" எண்டு காறித் துப்பிப்போட்டுப் போனாராம். மறுகா ஓமனைக் கூப்பிட்டு, போட ஒரு கோட்டும் இருக்க ஒரு மரக் கதிரையும் குடுத்து, "இனி நீதான்டா தலைவன்" எண்டாராம். அந்த மடையனும் ஏறி இருந்தானாம்! நினைச்சா இப்பயும் எனக்குப் பத்தி எரியுது.

கதிரையில இருந்துகொண்டு ஓமன் ஓம் எண்டான். ஓடையைக் கம்பு நட்டு அடைச்சாங்க. வலை போட்டா சவுக்கடி எண்டாங்க. ஊர் பட்டினி. கண்ணாத்தைட புருசன் செம்பன் பொறுக்கேலாம வலையோட இறங்கினான். போடியார்ட ஆக்கள் அவனைக் கண்டல் மரத்தில கட்டி வெச்சு அடிச்சாங்க. "மச்சான், ஒரு சொல்லுச் சொல்லு மச்சான்!" எண்டு ஓமனைப் பார்த்துக் கத்தினானாம். ஓமன் எழும்பவே இல்லியாம். அந்தக் காயத்திலயே செம்பன் செத்தான்.

புருசனை மண்ணில வெச்ச கையோட கண்ணாத்தை ஊரைக் கூப்பிட்டா. ஓமன் கதிரையோட வந்து அதில ஏறி இருந்தான்.

"தம்பி, இறங்கி மண்ணில இரு."

"அக்கா, நான் தலைவன்."

"ஆர்ரா சொன்ன?"

"போடியார்."

அவ வட்டத்தைச் சுத்திச் சுத்திக் கேட்டாவாம். "ஓடையை அடைக்க நீ ஓம் எண்டயா?" "இல்ல." "நீ?" "இல்ல." பொம்புளைகளைப் பார்த்து, "நீ கா?" "இல்ல கா."

"கேட்டியாடா? அப்ப ஆர்ட ஓமுக்குடா என்ட புருசனைச் சாகடிச்சீங்க?"

சொல்லிப்போட்டு, கதிரைக் காலைப் பிடிச்சு ஒரே இழுவை. ஓமன் மண்ணில குப்புற விழுந்தான். கதிரையை இழுத்துக்கொண்டு ஓடையில இறங்கினா. அதாலயே அடைப்புக் கம்பை அடி அடியெண்டு அடிச்சா. கதிரை சிலும்பாப் போச்சு. ஊரே இறங்கிக் கையால பிடுங்கிச்சு. தண்ணி இரைஞ்சுகொண்டு பாய்ஞ்சிச்சாம்.

போடியார்ட ஆக்கள் ஓடி வந்து ஓமன்ட கழுத்தைப் பிடிச்சாங்க. "ஆர்ரா ஒடைச்ச?"

ஓமன் அக்காவைப் பார்த்தானாம். "இங்க ஒருத்தர் தனிய ஒண்டும் செய்யிறல்ல. ஊரைக் கேளு" எண்டானாம். அதே சவுக்கால அவனையும் அடிச்சாங்க. அவன் அக்காட பேரைச் சொல்லல்ல. கண்ணாத்தை அவன்ட காயத்துக்கு மருந்து கட்டினா. ஆனா சாகும்வரை அவனோட ஒரு சொல்லுப் பேசல்லியாம்.

போடியார் திரும்பத் திரும்பக் கம்பு நட்டார். ஊர் திரும்பத் திரும்பப் பிடுங்கிச்சு. கடைசியில விட்டுட்டார்.

அண்டையில இருந்து அது கதிரை ஓடை. கூட்டமெண்டா இண்டைக்கும் நாங்க மண்ணிலதான் இருப்பம். இப்ப கிட்டடியிலயும் இறால் பண்ணைக்கெண்டு ஓடையைக் கேட்டுச் சில பேர் வந்தானுகள். "உங்கட தலைவர் ஆர்?" எண்டு கேட்டானுகள். "மண்ணில இரிங்க, எல்லாருமாச் சொல்லுறம்" எண்டம். கால்ல போட்டிருந்த களுசான் அழுக்காகிப்போகுமெண்டு நிண்டானுகள். நிண்டபடியே போகட்டும் எண்டு விட்டுட்டம்.