பத்து கூட்டல் அஞ்சு

இல்ல மேடம், அந்த நாற்காலி வேணாம், சாஞ்சா பொத்துனு பின்னாடி போயிடும். இதுல உக்காருங்க. விசாரணை பண்ண வந்தவங்க விழுந்துட்டா அதுக்கு தனியா ஒரு விசாரணை வைக்கணும்ல.

ஆமா, இந்த டீமுக்கு நாந்தான் பொறுப்பு. உங்க படிவத்துல ஒரு கட்டம் காலியா இருக்குன்னு சொன்னீங்களே, தப்பான வரிய எழுதினவங்க பேருன்னு, அதுக்குத்தான் வர்றேன். கம்ப்யூட்டர் ஒரு பேரு காட்டுது, பாத்துட்டீங்க. அந்தப் பேர எழுதிட்டீங்கன்னா சாயங்காலமே அவங்க மேசையக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போகணும். ரெண்டு பிள்ளைங்கள வளக்குறதுக்காக ஆறு வருஷம் வேலைய விட்டு நின்னுட்டு, திரும்பி வந்து ஒம்பது மாசம்தான் ஆகுது. இன்னொரு தடவ யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா? அதனாலதான் ஒரு கால் மணி நேரம் கேட்டேன். கொஞ்சம் சுத்தி வருவேன், கோச்சுக்காதீங்க.

கதவு சங்கதி தெரியும்ல? சரி, சுருக்கமாச் சொல்றேன். மருத்துவமனை வாசல்ல தானா திறந்து மூடுற கண்ணாடிக் கதவு. கதவு, மோட்டார் எல்லாம் வேற ஆளுங்க பண்றாங்க. அந்த மோட்டார்கிட்ட, இப்ப திற, இத்தன செகண்டு பொறு, இப்ப மூடுன்னு சொல்ற ப்ரோகிராம்தான் எங்க வேலை. சாதாரணமா பதினஞ்சு செகண்டு பொறுக்கும். சக்கர நாற்காலில வர்றவங்க, சரியா நடக்க முடியாதவங்க, கதவுக்குப் பக்கத்துல இருக்குற நீலப் பொத்தான அமுக்கினா டபுள், முப்பது செகண்டு. அன்னிக்கு ஒரு அம்மா ஊன்றுகோல் வச்சுக்கிட்டு மெதுவா வந்தாங்க, நீலப் பொத்தான் அமுக்கினாங்க. கதவு இருபதுலயே மூட ஆரம்பிச்சிருச்சு. கோல் கதவுல மாட்டி, அவங்க தரையில விழுந்து உக்காந்துட்டாங்க. முட்டில சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் போய்ப் பாத்தேனே. கதவுக்கும் என்னை மாதிரியே பொறுமை இல்லப்பான்னு சிரிச்சாங்க. நல்ல மனுஷி.

இருபது எங்கருந்து வந்துச்சு? அங்கதான் வர்றேன்.

ப்ரோகிராம்ல ஒரு எண்ண எப்படி வைக்கிறதுன்னு ஒரு பிரச்சனை இருக்கு மேடம், எங்க ஆளுங்க அதுக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போவாங்க. முப்பதுன்னு வெறுமனே எழுதிட்டுப் போறது ஒண்ணு. அது சோம்பேறி வேலை. ஆறு மாசம் கழிச்சு, இந்த முப்பது என்னது, செகண்டா சென்டிமீட்டரான்னு எழுதினவனே முழிப்பான். அதனால எண்ணுக்கு ஒரு பேரு வைக்கணும். பேரு வைக்கிறதுல ரெண்டு கட்சி. டிஃபைன் கட்சி, கான்ஸ்ட் கட்சி.

டிஃபைன்னா வேற ஒண்ணுமில்ல, வெட்டி ஒட்டுறது. காத்திருப்புனு ஒரு பேரு வச்சா, அந்தப் பேரு வர்ற இடத்துல எல்லாம் நான் எழுதினத எழுத்து மாறாம ஒட்டிட்டுப் போயிடும். கூட்டாது, கழிக்காது, யோசிக்கவே யோசிக்காது. கான்ஸ்ட் அப்படி இல்ல. கணக்க மொதல்லயே முடிச்சு, இந்தா விடை, இனிமே இதுல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சிடும்.

நானா? பரம்பரை டிஃபைன்! நான் வேலைக்கு வந்த காலத்துல சிப்புல இடம் உள்ளங்கை அளவுதான். கான்ஸ்ட் போட்டா ஒவ்வொண்ணும் கொஞ்சம் இடத்தப் புடிச்சுக்கும். இப்ப அந்தத் தொல்லை கிடையாது, தெரியும். ஆனா இருபத்தஞ்சு வருஷப் பழக்கம், பல்லு தேய்க்கிற கை மாதிரி, மாத்த வரல. அந்தா, சுவத்துல ஒட்டியிருக்கு பாருங்க, டீம் விதிகள். ஏழாவது, எண்ணுக்கெல்லாம் டிஃபைன்தான். நான் எழுதினதுதான்.

நீங்க பேரு பாத்தீங்களே, அவங்க கான்ஸ்ட் கட்சி. வந்த மொத வாரமே நேரா என் மேசைக்கு வந்து, சார், ஏழாவது விதிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, ரெண்டு வேணாம்னாங்க. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. நாளைக்குச் சொல்றேன்னேன். ஒம்பது மாசமா அந்த நாளைக்கு வரவே இல்ல. டீ குடிக்கப் போற இடத்துல எல்லாம், என்ன சார் நாளைக்கு வந்துருச்சான்னு கேட்டு மானத்த வாங்குவாங்க.

ஆனா விதின்னா விதி, அவங்க எழுதின எல்லாத்தையும் டிஃபைனா மாத்தினாங்க. மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பின்னாடி அடைப்புக்குறி. ஒத்த எண்ணா இருந்தாலும் அடைப்புக்குறி. கம்ப்யூட்டருக்குப் போட்டுவிட்ட ஹெல்மெட்டு மாதிரி. அடைப்புக்குறி மேடம்னே கூப்பிடுவோம். இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, இதுதான் முக்கியம்.

ஏன்னா தப்பு என்ன தெரியுமா? காத்திருப்புன்னா பத்து கூட்டல் அஞ்சு. பத்து பொதுவான நேரம், அஞ்சு வயசானவங்களுக்காக. நீலப் பொத்தான அமுக்கினா காத்திருப்பு பெருக்கல் ரெண்டு. அடைப்புக்குறி இல்லாம ஒட்டிப் பாருங்க. பத்து கூட்டல் அஞ்சு பெருக்கல் ரெண்டு. பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க? பெருக்கல மொதல்ல செய்யணும். அஞ்சு ரெண்டு பத்து, கூட ஒரு பத்து, இருபது. பாத்தீங்களா? முகத்துலயே தெரியுது, புடிச்சுட்டீங்க.

சோதிச்சோமே! நீலப் பொத்தான அமுக்கினோம், கதவு முன்னாடிய விட அதிக நேரம் நின்னுச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டாச்சு. கடிகாரத்த யாரும் பாக்கல.

இப்ப சொல்லுங்க. ஒத்த எண்ணுக்கே ஹெல்மெட்டு மாட்டுறவங்க, கூட்டல வெறுந்தலையா விடுவாங்களா?

அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்றீங்களா? ஆமா. காலைல என்கிட்டயும் வந்தாங்க. சார், அந்த வரிய எழுதின ஞாபகமே இல்ல, ஆனா என் பேருல இருக்கு, நாந்தான் எழுதியிருக்கணும், ஆறு வருஷ இடைவெளில மூளை துருப்பிடிச்சுப் போச்சு போலன்னாங்க. மூணு வாரமா எழுதினத எல்லாம் தொறந்து கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுத் தேடுறாங்க, வேற எங்கயாவது இப்படிப் பண்ணியிருக்கேனான்னு. என்னைப் பாத்தா நாளைக்கு வந்துருச்சான்னு கேக்குறதும் நின்னுபோச்சு.

அந்த வரி பதிவான நேரம் உங்க தாள்ல இருக்கா? ரெண்டே முக்கால். சரி. வாசல்ல அட்டைய தேய்க்கிற மெஷின் இருக்கு, அதுல கேளுங்க. அதே நாள் அவங்க ரெண்டு பத்துக்கே வெளிய போயிட்டாங்க, சின்னவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்துலருந்து கூப்பிட்டாங்க. ஓடுன ஓட்டத்துல கம்ப்யூட்டர மூடல.

அந்த ஃபைல்ல அவங்க மாத்தாம மிச்சம் நாலு எண்ணு மட்டும் கான்ஸ்ட்டாவே இருந்துச்சு. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனா அது அப்படியே போச்சுன்னா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல? அவங்க நாற்காலிலயே உக்காந்து, அவங்க மூடாத கம்ப்யூட்டர்லயே நாலையும் டிஃபைனா மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை. அடைப்புக்குறியெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு, எனக்கு எதுக்குன்னு ஒரு நினைப்பு.

ஆமா மேடம், நாந்தான்.

அந்த அம்மா விழுந்த மொத நாள் யாரும் கேக்கல. ரெண்டாம் நாள் கேட்டாங்க, பாக்குறேன்னேன். மூணாம் நாளுக்கு மேல நாந்தான்னு சொல்ல வாய் வரல, வாரம் வாரமா ஓடிப்போச்சு. எழுதுங்க, என் பேரு இந்த ரூம் கதவுலயே இருக்கு. அவங்ககிட்ட நானே சொல்லணும், மேல் மாடிலதான் இருக்காங்க. இருங்க, நீங்களும் கூடவே வாங்க. தனியா போனா ரெண்டாவது படிலயே திரும்பிடுவேன்.