கருப்பையா எப்படிச் செத்தான்

ஓடுகிறோம். 1962, நவம்பர் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை. வடகிழக்கு எல்லை மலை. பின்னால் மோர்ட்டார். முதலில் தூரத்தில் 'தும்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் விசில். விசில் கேட்டால் படுத்துவிட வேண்டும். படுக்காதவர்களைத் தாண்டித்தான் ஓடுகிறோம்.

"படு! படுடா மாப்ள!"

கத்துவது கருப்பையா. இலுப்பூருக்குத் தெற்கே எங்கள் ஊர். இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். காலையில் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. இவன் கேட்கவில்லை. "ரவை தீருற மட்டும் நிப்போம்" என்றான். எதிரில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்களைப் போலப் பல மடங்கு. சுபேதார் அவனை அடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார்.

உடம்பில் பருத்திச் சட்டை. மேலே மெல்லிசாக ஒரு ஜெர்சி. காலில் கான்வாஸ் பூட்ஸ். எங்கள் கால்கள் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நடந்து பழகியவை. பனி என்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் புல்லில் இருப்பது. இங்கே முழங்கால் புதைகிறது. நெருப்பும் மூட்டக் கூடாது. புகை தெரிந்தால் குண்டு விழும்.

பொழுது சாய ஒரு பாறையடியில் ஒதுங்கினோம். கருப்பையா ஜெர்சியைக் கழற்றுகிறான். பிறகு சட்டைப் பித்தான்களை அவிழ்க்கிறான்.

"ஏண்டா கழட்டுற?"

"புழுங்குதுடா மாப்ள. ஒனக்கு வேர்க்கலையா?"

ஒரு பொட்டு வேர்வை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் மாட்டிவிடுகிறேன். அவன் கழற்றுகிறான். மறுபடி மாட்டுகிறேன். குளிர் முற்றினால் உடம்புக்கு அப்படித்தான் தோன்றும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் பின்னால் சொன்னார். அன்று எனக்குத் தெரியாது. அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். விடியும்போது விறைத்துக் கிடந்தான். அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இரண்டொரு நாளில் சீனர்கள் தாங்களாகவே சண்டையை நிறுத்தினார்கள்.

1963, தை மாதம். இலுப்பூர் கடைத்தெரு. யுத்த நிதிக் கூட்டம். பனி தின்ற கால்விரல்களை வெட்டி எடுத்துவிட்டு என்னை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பு ஊன்றிய என்னை மேடையேற்றி மாலை போட்டார்கள். முன்னால் கருப்பையாவின் ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அயித்தை முறை. காது வெறுமையாகத் தொங்குகிறது. தண்டட்டியை முந்தின வாரமே கழற்றி நிதிக்குக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் அவளுடைய இளைய மகன் சின்னையா. அன்று அந்த மேடையில் அவன் பட்டாளத்துக்குப் பெயர் கொடுப்பதாக ஏற்பாடு. அதைத் தடுக்கத்தான் நான் போனேன். மாலை வாங்கப் போகவில்லை.

வக்கீல் ஒருவர் பேசுகிறார். திருச்சிக்கு வடக்கே போகாத மனுஷன். கருப்பையா பத்துச் சீனர்களைக் கொன்றுவிட்டு நெஞ்சில் குண்டு வாங்கினானாம். கடைசி ஆள் இருக்கும்வரை விடக் கூடாதாம். கைதட்டல். யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். நான் மேடையில் குப்புறப் படுத்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். "கருப்பையாவ எந்தக் குண்டும் கொல்லலை. குளிர்ல வெறச்சுச் செத்தான். நம்மாளுக குடுத்தனுப்புன சட்டை அப்படி."

"எறங்குடா கீழ!" ஒரு செருப்பு வந்து விழுந்தது. "சீனாக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு வந்துட்டான்!"

அயித்தை எழுந்தாள். "பேசவிடுங்க. பெத்தவ நான் கேக்கணும்."

சொன்னேன். நாங்கள் ஓடி வந்ததையும், புழுங்குகிறது என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

வக்கீல் என்னைப் பார்த்து, "அப்ப வந்தவன் கால்ல விழுந்துரணுங்கிறீங்களா?" என்றார்.

"யாருங்க விழச் சொன்னது? வலுத்தவன் வீடு புகுந்தா அடிக்கத்தான் வேணும். எதைப் போட்டுக்கிட்டு, எத வச்சு, எம்புட்டு நாளைக்குன்னு ரோசிச்சு அடிக்கணும். தாங்காதுன்னு தெரிஞ்சா நிறுத்தணும். கடைசி ஆளு, கடைசி ஆளுங்கிறீங்களே, அந்தக் கடைசி ஆளு யாரு வீட்டுப் புள்ள?"

வக்கீல் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சின்னையாவைப் பார்த்து, "போகாதடா" என்றேன். அவன் மேடைக்குப் பக்கத்தில் வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

"அண்ணன் ஓடி வந்தா செத்தான்?"

"உத்தரவுடா. திரும்பச் சொன்னாங்க, திரும்புனோம். அவன் நிக்கிறேன்னுதான் சொன்னான்."

"உத்தரவெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஓடுனான்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு நான் எப்படிக் கடைத்தெருவுல நடப்பேன்?"

ஏறி வந்து பெயர் கொடுத்தான். மறுபடி கைதட்டல். வக்கீல் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பாவி, நான் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையே அவனைப் பிடித்துத் தள்ளியது.

1965, செப்டம்பர். இந்த முறை மேற்கு எல்லை. தந்தி வந்தது. ஊரில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். படித்துச் சொன்னேன். அயித்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இவனுக்காச்சும் குண்டு பட்டுச்சாப்பா?"

பட்டது என்றேன். தந்தியில் அப்படி ஒன்றும் இல்லை.

கைதட்டியவர்கள் இன்றும் அதே கடைத்தெருவில் நடமாடுகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். கருப்பையா, வயது இருபத்தாறு. சின்னையா, வயது இருபத்திரண்டு. இரண்டு உடல்களும் வீடு வரவில்லை. ஒரு ஜோடி தண்டட்டி. என் கால்விரல்கள் ஏழு. அயித்தையின் வீட்டில் சண்டைக்கு அனுப்ப இனி ஆள் இல்லை. வக்கீலுக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள்.