வலது ஸ்பீக்கர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயமில்லை இது. நம் ஜெகநாதன் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பா கோவிந்தராஜுக்கு நடந்தது.

எழுபத்திரண்டு, டிசம்பர். மாலை ஐந்தரைதான்... ஆனால் கிழக்கே நடுக்கடலில் கிடக்கிற அந்தத் தீவில் அதற்குள் நல்ல இருட்டு. ஹேடோ துறைமுகத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஏறுகிற சாலையில் ஆள் அரவமே இல்லை. தூறல். ஈர மரத்தூள் வாசனை. கோவிந்தராஜ் ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி நடந்தார்.

துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன். கல்யாணம் ஆகாதவர். இங்கிலீஷ் பாட்டென்றால் உயிர். வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் அந்தப் பெட்டியில் ஒரு ரெக்கார்டு பிளேயரையும், இரண்டு ஸ்பீக்கரையும், ஒரே ஒரு ராக் இசைத்தட்டையும் அவர் தலையில் கட்டிவிட்டு, விட்டால் போதும் என்று கப்பலேறிவிட்டான்.

அறையில் போட்டுப் பார்த்தால் இடது ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. அந்தக் காலத்துத் தட்டு சிலவற்றில் கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரு பக்கம், பாடுகிறவன் குரல் மறுபக்கம். ஆகவே வலது ஸ்பீக்கரில் குரல் மட்டும் தனியாக வந்தது. கோவிந்தராஜுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் மூச்சிழுப்பது... எச்சில் விழுங்குவது... காலால் தாளம் தட்டுவது. பக்கத்தில் நின்று பாடுவதுபோலவே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு. பாட்டின் நடுவே கிடார் மட்டும் வாசிக்கிற இடம். குரல் பக்கத்தில் வெறும் அமைதிதான் இருக்கவேண்டும். அங்கே ஒரு மூச்சு. பாடுகிறவனுடையது இல்லை... இன்னும் கிட்டே. கோவிந்தராஜ் தன் மூச்சை அடக்கினார். அதுவும் அடக்கியது. விட்டார். அதுவும் விட்டது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. பாட்டு குழறி, இழுத்து, நின்றது. கோவிந்தராஜ் காதை எடுக்கப்போனார்.

"எடுக்காதீங்க."

ஸ்பீக்கருக்குள்ளிருந்து. தமிழில். மிக மெதுவாக.

அவர் காதை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், தரையில் ஈரச் சாக்கை இழுப்பதுபோல ஒரு சத்தம்... சரக்... சரக்... கூடவே அழுகிய சிப்பி நாற்றம். கதவைத் தாழ்போட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அசையாதீங்க. இன்னும் போகல."

விடிந்தும் காதை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார்.

காலையில் கடைக்குச் சாமான் வாங்க அவர் வரவில்லையே என்று, பக்கத்துக் கடைக்காரர் காதர் பாய் தேடி வந்தார். ஜன்னலுக்குள் கைவிட்டுத் தாழை நீக்கி உள்ளே வந்தார். கோவிந்தராஜ் தலையைத் திருப்பாமலே நடந்ததைச் சொன்னார். கரண்ட் இன்னும் வரவில்லை. காதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிஜிலியே இல்ல, சத்தம் எங்கேருந்துய்யா வரும்?" என்று அவரை நகர்த்திவிட்டுத் தன் காதை வைத்தார்.

சிரிப்பு நின்றது. கோவிந்தராஜின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலை அசையவில்லை. கண் மட்டும்... கோவிந்தராஜின் தோளுக்குப் பின்னால் பார்த்தது. மெதுவாக நகர்ந்தது. கதவுவரை போயிற்று. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். திரும்பிப் பார்க்கக் கோவிந்தராஜுக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம்தான் காதர் கையை விட்டார். இருவரும் பெட்டி, தட்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கல் வைத்து, கடலில் இறக்கினார்கள். கோவிந்தராஜ் அந்த வாரமே கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் கேட்டுக் கப்பலேறினார். சாகிறவரை வீட்டில் ஒரு ரேடியோகூட வைத்துக்கொள்ளவில்லை.

காதர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வருஷங்கள் கழித்து, அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஜெகநாதன் போய்ப் பார்த்தான்.

"பாய், அன்னிக்கு அந்த ரூம்ல என்னதான் இருந்துச்சு?"

"ஒண்ணு இல்ல, தம்பி."

ஒன்றுமே இல்லை என்கிறார் என்றுதான் ஜெகநாதன் நினைத்தான். காதர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். கட்டைவிரலை மடக்கினார். அடுத்த விரலை... அதற்கடுத்ததை...

ஐந்தும் மடங்கியதும், இன்னொரு கையை எடுத்தார்.