டிக் போடாத கட்டம்

...ஆத்தைக் கடக்கறப்போ முன்னால போறவன் காலைப் பாரு, தண்ணியைப் பாக்காதேன்னு எங்க பெரியப்பா சொல்லுவாரு. அதுக்கு இன்னொரு பாதி உண்டு. என்னமோ வரும்... மறந்துபோச்சு. ஊரை விட்டு இருபது வருஷம் ஆச்சுல்ல. நீங்களும் நேபாளத்துல குல்மி மலைப் பக்கம்தானே, கேட்டிருப்பீங்களே? இல்லையா? சரி விடுங்க. பெல்ட்டைப் போட்டுக்குங்க அப்பா. போடலன்னா இந்தக் கார் கத்திக்கிட்டே வரும், எங்க வீட்டுக்காரி மாதிரி.

அப்பான்னே கூப்பிடுறேனே, பரவாயில்லல்ல? திஹார் பண்டிகையில, தங்கச்சிங்க அண்ணனுக்குப் பொட்டு வெக்கிற அன்னிக்கு, மூணு வருஷமா என் நெத்தியில ஏழு நிறத்துப் பொட்டு வெக்கிறது உங்க பிபனாதான். லோக்நாத் அண்ணா, லோக்நாத் அண்ணான்னு வாய் ஓயாது அவளுக்கு. தங்கச்சியோட அப்பா எனக்கும் அப்பாதானே.

ஏர்போர்ட்ல காஞ்ச கீரையைப் பிடுங்கிட்டாங்களா? அதான பாத்தேன். எல்லா அப்பா அம்மாவும் அதையேதான் தூக்கிட்டு வர்றாங்க, இவங்களும் பிடுங்கிட்டேதான் இருக்காங்க. அடிலெய்டு ஏர்போர்ட் குப்பைத் தொட்டியைக் கிளறினா பாதி நேபாளத்துக்குக் குழம்பு வெக்கலாம். நெய் விட்டாங்களா? அதுவும் போச்சா!

அவ வரலையேன்னு உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பட்டமளிப்பைப் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம், மக வாசல்ல நிக்கலையேன்னு. நேரத்தைப் பாருங்க, எப்படி வந்து விழுந்திருக்கு. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அண்ணா, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, அப்பா பயப்படாதபடி நீங்களே சொல்லிடுங்கன்னு அவதான் சொன்னா. போன்ல உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா? சின்ன விசாரணைன்னு மட்டுமா? ம்.

சின்னதுதான். சின்னதுன்னு ஒரேயடியா சொல்லவும் முடியாது. படிப்பு ஜூன் மாசமே முடிஞ்சுருச்சு, அது உங்களுக்குத் தெரியும். ஆனா படிச்சு முடிச்ச அன்னிக்கே யாரும் இங்க நர்ஸ் ஆயிட முடியாது. நர்ஸிங் போர்டுல பேரைப் பதிவு பண்ணணும். அது வர்ற வரைக்கும் கிழவங்களைக் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், துணி மாத்தலாம். ஊசியைத் தொடக்கூடாது. படிக்க வந்த விசா முடிஞ்சுபோச்சு. வேலை பாக்கற விசாவுக்கு மனு போட்டு, அது வரிசையில நிக்குது. இப்போ கையில இருக்கறது நடுவுல தர்ற இடைக்கால விசா. பதிவு வரலன்னா நர்ஸ் வேலை இல்ல. நர்ஸ் வேலை இல்லன்னா அந்த ரெண்டு வருஷ விசாவை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தட்டு கழுவலாம். மொத்தமும் இன்னிக்கு ரெண்டு மணிக்கு அந்த ரூம்ல என்ன பேசுறாங்கங்கறதுல நிக்குது. பயப்படாதீங்க. தண்ணி பின்சீட்ல இருக்கு, எடுத்துக்குங்க.

அது கங்காரு. லாரியில அடிபட்டது. பாக்காதீங்க, இந்த ரோட்டுல பாத்துக்கிட்டே போனா முடிவே இருக்காது.

நானும் பிபனாவும் வேலை பாக்கற முதியோர் ஹோம்ல ஸ்டாவ்ரோஸ்னு ஒரு கிழவர். கிரேக்கக்காரர், எண்பத்தி நாலு வயசு. ஆத்தோரமா ஆரஞ்சுத் தோட்டம் வெச்சிருந்தவர். பதினாலாம் ரூம். யாரையும் கிட்ட சேக்க மாட்டார். என்னைப் பாத்தா, வந்துட்டான்டா மலைக்காரன், இன்னிக்கு நீ எந்த இடத்துல குத்தப் போறேன்னு கேப்பார். பிபனாவை மட்டும் 'கோரி மூ'ன்னு கூப்பிடுவார். எம் பொண்ணேன்னு அவங்க பாஷையில. அவ போனாத்தான் ஷேவிங் பண்ணிக்குவார். சக்கரை வியாதி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால தினமும் இன்சுலின்.

ஆமா. செத்துட்டார். அதான் விசாரணை.

திஹார் அன்னிக்கு நடந்தது. அன்னிக்கு நல்ல நேரம் பதினொண்ணு அம்பது. அது காட்மாண்டு நேரமா, இங்கத்த நேரமான்னு வருஷா வருஷம் எங்க வாட்ஸப் குரூப்புல வெட்டுக்குத்து நடக்கும். இந்த வருஷம் இங்கத்த நேரம்னு தீர்ப்பாச்சு. எனக்கு டூட்டி. அம்பத்தெட்டு கிழவங்க, நர்ஸ்னு நான் ஒருத்தன். பிபனாகிட்ட இப்போ பொட்டு வேணாம், சாயங்காலம் வீட்டுக்கு வா, வெச்சுக்கலாம்னேன். கேட்டாளா? நேரம் தவறினா அண்ணனுக்கு ஆயுசு குறையும்னு, அவளுக்கும் அன்னிக்கு டூட்டிதானே, தட்டு, மாலை, எண்ணெய் எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டுவந்துட்டா. உங்க வளர்ப்பு. தப்பு சொல்லல.

துணி வெக்கிற ரூம்ல உக்கார வெச்சா. அழுக்குப் போர்வை மூட்டைக்கும் டயப்பர் பெட்டிக்கும் நடுவுல. என்னைச் சுத்தி எண்ணெயால கோடு போட்டா. மேனேஜர் ஹெதர் வழுக்கி விழுந்தா எனக்கு வேலை போயிடும்டின்னேன். சிரிக்கக் கூடாது அண்ணான்னு அதட்டினா. சடங்குக்கு அக்ரூட் கொட்டையைக் கதவிடுக்குல வெச்சு நசுக்கினா. இந்தக் கோட்டை யமன் தாண்ட மாட்டான்னா.

தாண்டல. சுத்திக்கிட்டு பதினாலாம் ரூமுக்குப் போயிட்டான்.

பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க. எழுந்து ஓடறேன். மருந்து கணக்கெல்லாம் இப்போ டேப்லெட் கம்ப்யூட்டர்லதான். குடுத்ததும் அந்தக் கட்டத்துல டிக் போட்டா பச்சையாயிடும். பதினாலாம் ரூம் இன்சுலின் கட்டம் சிவப்பா நிக்குது. எனக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி கீழ விழுந்துட்டான்னு கூப்பிடுறாங்க, இந்தப் பக்கம் நெத்தியில ஏழு நிறம், அதைத் தொடைக்கணும். பிபனா, நீ போய்ப் போட்டுட்டு வந்துரும்மான்னேன். தயங்கினா. அண்ணா, எனக்குப் பதிவு இன்னும் வரலையேன்னா. நான் சிரிச்சேன். நாளைக்கோ நாளன்னிக்கோ வரப்போற தாளு, படிச்ச படிப்பு எங்க போச்சு, பொட்டு வெச்ச கையால போட்டா கிழவர் நூறு வருஷம் இருப்பார்னேன்.

ஆமா, நான்தான் சொன்னேன். இந்தக் கார்ல உக்காந்துக்கிட்டு உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்.

இது மர்ரே ஆறு. பெரிய ஆறுதான், ஆனா நம்ம ஊரு ஆறு மாதிரி சத்தம் போடாது. ஓடுதா நிக்குதான்னே தெரியாது.

அவ போட்டது சரியான அளவுதான். அதுல ஒரு குத்தமும் இல்ல. நான் கத்துக்குடுத்த பொண்ணு. கட்டம் ஏன் சிவப்பா இருந்துச்சுங்கறதுதான் விஷயம். பதினொண்ணே முக்காலுக்கே நான் போட்டுட்டேன். நானே என் கையால. அன்னிக்கு மட்டும் என்னைத் திட்டல கிழவர், வலிக்கலடா மலைக்காரான்னார். வெளிய வந்தா துணி ரூம் வாசல்ல தட்டோட நின்னுக்கிட்டு நேரமாச்சு அண்ணா, நேரமாச்சுண்ணாங்கறா உங்க பொண்ணு. டேப்லெட்டை மருந்து வண்டி மேல வெச்சுட்டு ஓடினேன். டிக் போடல. திரும்பி வந்து கட்டம் சிவப்பா இருக்கறதைப் பாத்தப்போ, போடாததாலதான் சிவப்புன்னு நெனச்சேனே தவிர... ஒரு மனுஷனுக்கு இப்படி மறக்குமான்னு கேக்கறீங்க. மறந்துச்சு. பதினஞ்சு நிமிஷத்துல மறந்துச்சு.

ரெண்டு ஊசி. சாப்பிட்டதோ ரெண்டு கரண்டி உருளைக்கிழங்கு. சக்கரை ஒரேயடியா இறங்கிருச்சு. தூங்கறார்னு விட்டுட்டாங்க. மூணு மணிக்குப் பிபனாதான் போய்ப் பாத்தா. போர்வையெல்லாம் வேர்வையில நனைஞ்சு கெடக்கு. ஆம்புலன்ஸ்ல கூடவே போனா, கையை விடாம. மூணாம் நாள் முடிஞ்சுபோச்சு.

நான் முன்னாடியே ஒண்ணு போட்டேன்னு அவளுக்கு அப்புறம்தான் தெரியும். நான்தான் சொன்னேன். அழுதா. ஒரு வார்த்தை என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பசிக்குதா? பின்னால என் வீட்டுக்காரி நம்ம ஊர் செல் ரொட்டி, அரிசிமாவுல, சுட்டு வெச்சிருக்கா. அப்புறமா? சரி.

பதிவு இல்லாத பொண்ணு கையில ஊசியைக் குடுத்த நர்ஸுக்கு என்ன ஆகும்னு ஒரு வக்கீலைக் கேட்டேன். பதிவு போயிடும்னார். ஆள் செத்திருக்கறதால கோர்ட்டுக்கும் போகும், உள்ள போட்டாலும் போடலாம்னார். எனக்கு ரெண்டு பசங்க. பெரியவ பத்தாவது. இருபது வருஷமா நர்ஸுங்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. எனக்குக் குடியுரிமை இருக்கு, என்னை எங்கயும் அனுப்ப முடியாது. அதுதான் பிரச்சனையே அப்பா. நான் இந்த ஊர்லயே கெடந்து, அதே கடைக்குப் போயி, அதே ஜனங்க முகத்துல முழிக்கணும். அவளுக்கு இருபத்தி மூணு வயசு. திரும்பிப் போக ஊர் இருக்கு. நீங்க இருக்கீங்க.

நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தா. அண்ணா, நடந்ததை நடந்தபடி சொல்லிடுவோம், நீங்க சொல்லித்தான் போட்டேன்னு தெரிஞ்சா எனக்குப் பதிவு தாமதமாகும், ஆனா மறுக்க மாட்டாங்கன்னு காலேஜ்ல சொல்றாங்கன்னா. உங்களுக்காகவும் கூட இருந்து பேசுவேன், அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் டூட்டி, அம்பத்தெட்டு பேருக்கு ஒரு ஆளைப் போட்டது யாரு தப்புன்னு கேப்பேன்னா. எனக்காக வாதாடுறாளாம்! வீட்டுக்காரி சோறு போட்டா. எல்லாத்துக்கும் நான் தலையாட்டினேன்.

உங்க திரும்பற டிக்கெட் இருபத்தெட்டாம் தேதிதானே? அந்தப் பிளைட்ல இன்னும் சீட்டு இருக்கு. பாத்தேன். இல்ல, சும்மாதான் பாத்தேன். இடைக்கால விசாவை வெச்சுக்கிட்டு நாட்டை விட்டு வெளிய போனா அது அத்தோட செத்துப்போயிடும். அனுமதி வாங்காம போனா திரும்பி வர முடியாது. யாரும் துரத்த வேண்டியதில்ல, அசிங்கப்படுத்த வேண்டியதில்ல. கதவு தானா சாத்திக்கும். இங்கயே இருந்து பதில் சொல்லிக்கிட்டிருந்தா பேப்பர்ல போட்டோவோட வரும், போலீஸ் வரும். கல்யாணம் ஆகாத பொண்ணு. ஊருக்குப் போனா யாருக்கு என்ன தெரியப் போகுது? அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, கூட வந்துட்டான்னு சொல்லிக்கலாம். நீங்க சொன்னா கேப்பா. நான் சொன்னா இனிமே கேக்க மாட்டா.

போன் போடாதீங்கப்பா. கேளுங்க, போடாதீங்க. உள்ள போறப்போவே அணைச்சிருப்பா. மணி பாருங்க, ரெண்டே கால். இந்நேரம் ஹெதர் ஒரு பக்கம், போர்டு ஆளுங்க ரெண்டு பேர் ஒரு பக்கம் உக்காந்திருப்பாங்க. முதல்ல அவளைச் சொல்லச் சொல்லுவாங்க. அவ எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நல்லபடியாத்தான் சொல்லுவா. அப்புறம்தான் மத்தவங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சுக் காட்டுவாங்க. அதான் முறை.

அதோ அந்த வெள்ளைக் கட்டடம்தான் எங்க ஹோம், விசாரணையும் அங்கதான். முன்னால ரோஜாச்செடி தெரியுதா, அதெல்லாம் ஸ்டாவ்ரோஸ் வெச்சது. இறங்கறப்போ பாத்து இறங்குங்க, படி உயரம். பெட்டி இருக்கட்டும், நான் எடுத்துக்கறேன். அந்தப் பெஞ்சுல நெழல் இருக்கு, அங்க உக்காந்தா அவ வெளிய வர்றது தெரியும்.

இல்லப்பா, நான் உள்ள வரல. எனக்கு இன்னிக்கு அங்க வேலையில்ல. என்னோடதைப் போன வியாழக்கிழமையே எழுதிக் குடுத்தாச்சு. மருந்து வண்டியைப் பூட்டாம விட்டது என் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். மத்தபடி என்னைக் கேக்காம, எனக்குத் தெரியாம, அவளே ஊசியை எடுத்துப் போட்டுட்டாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.