எட்டு வார மாத்திரை

என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை, டாக்டர் அம்மா. முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்த கை. மனைவி போன பிறகுதான் கரண்டி பிடித்தது. மிளகாயை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடுவேன்.

மகளும் மாப்பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறார், தங்கமான மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எரியுது மாமா" என்றார். உங்களுக்கு முன்பு இங்கே இருந்த டாக்டரிடம் நானே கூட்டிவந்தேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, தினம் ஒன்று, எட்டே வாரம் என்றார். அந்த எட்டு வாரமும் மாப்பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா" என்பார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள், எரிச்சல் முன்பைவிட அதிகமாக வந்தது. கொஞ்ச நாள் அப்படி இருக்கும், தானாக அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். நான் வீட்டில் சொல்லவில்லை. மகள், "கோச்சுக்காதீங்கப்பா, நாங்க தனியா வீடு பாத்துக்கறோம்" என்றாள். மறுநாள் காலையே மாத்திரை வாங்கிவந்துவிட்டேன்.

காரத்தைக் குறைத்திருக்கலாமே என்பீர்கள். சப்பென்று சமைக்க மகளுக்கே தெரியும். அப்புறம் நான் எதற்கு?

அந்த டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு வயிற்றுப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லியிருந்தார்; அதே வாரம் அதன் முடிவை வாங்க நான்தான் வந்தேன். வயிற்றில் கிருமி இருக்கிறது, இரண்டு வார மருந்தில் போய்விடும். அதை விட்டுவைத்து இந்த மாத்திரையையே தொடர்ந்தால் வயிற்றின் உள்படலம் வீங்கி, நாளடைவில் நைந்துபோகும் என்று விளக்கினார். தலையாட்டினேன். வீட்டுக்குப் போய், "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, மாத்திரைய மட்டும் விடாம போடணுமாம்" என்றேன். அந்தக் காகிதம் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எண்ணெய் படக்கூடாதென்று உறைகூடப் போட்டிருக்கிறேன்.

ஆறு வருஷத்தில் ஒரு காலைகூடத் தவறவில்லை. வீட்டில் ஒரே சிரிப்பும் அரட்டையும்தான். மாப்பிள்ளை முதலில் வெளுத்தார், பிறகு இளைத்தார், போன மாதம் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது.

நான் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டீர்களே. பாலும் ரொட்டியும்தான். காரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்று காலை மகள் என் தோளில் சாய்ந்து, "இவரு உடம்பு தேறுற வரைக்கும் நாங்க எங்கயும் போக மாட்டோம்ப்பா" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதனால் ஒரே ஒரு வேண்டுகோள், டாக்டர் அம்மா. மாப்பிள்ளையை நன்றாகக் குணப்படுத்துங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.