நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை

எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஊறுகாய் கிடையாது. என் மனைவி வேதநாயகிக்கு இருதயக் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்றே மாவடு ஜாடியைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சாகேப். இருபத்தெட்டு வருடம் ஹிந்தியில் குப்பை கொட்டியவன்தான். ஆனாலும் இதைத் தமிழில் எழுதினால்தான் எனக்குப் பிசகாது.

உப்பு குறைய வேண்டும், மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, மனம் அலட்டிக்கொள்ளக் கூடாது என்றார் டாக்டர். விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கீழ்வீடு காலியானபோது பக்கத்து வீட்டு சாவித்ரி மாமி வந்து சொன்னாள். நான் மாறவில்லை. மேலே இருந்தால்தானே இறங்காமல் இருப்பாள்?

டாக்டர் சொன்ன மூன்றாவதுக்குத்தான் படாத பாடு பட்டேன். எங்கள் மகள் தீப்தி இரண்டாயிரத்து ஒன்றில் கூட வேலை பார்த்த மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு இதே ஊரில் விமான் நகருக்குப் போனாள். அவள் பேச்சை எடுத்தாலே வேதநாயகிக்குப் படபடப்பு. அதனால் போனை நானே எடுத்தேன். "அம்மா தூங்குறா" என்பேன். "உன்னப் பாத்தா அவ உயிர் தங்காதும்மா" என்றும் ஒருமுறை சொன்னேன். வேதநாயகி கேட்டால், "அவ கூப்பிடவே இல்ல" என்பேன். அழுவாள், சத்தம் போடாமல்தான். அதனால் கெடுதல் இல்லை.

லோஹேகாவ் விமானப்படை ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான். ஒரு திருகாணி என்றாலும் எதற்கென்று சொன்னால்தான் கையில் தருவோம். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையையும் அப்படித்தான் கொடுத்தேன். பாட்டில் என் சட்டைப்பையில் இருக்கும். கையை நீட்டுவாள், ஏன் வலி வந்தது என்று விசாரிப்பேன். பெரும்பாலும் மகள் நினைப்புதான். "இனிமே நினைக்கல" என்று சொன்னதும் கொடுத்துவிடுவேன். எனக்கு அவள் என்றால் உயிர்.

போன செவ்வாய்க்கிழமை காலை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கீழே ஒரு ரிக்‌ஷா நின்றது. மேலே வேதநாயகி புடவை மாற்றிக்கொண்டு, செருப்போடு கூடத்தில் நின்றாள். நான் இல்லாத நேரத்தில் தீப்தி போன் செய்திருக்கிறாள்.

"பேத்தி பொறந்து மூணு மாசமாச்சாமே" என்றாள். "சாவித்ரி மாமிகிட்டச் சொல்லி ரிக்‌ஷா கூப்பிட்டிருக்கேன். நான் போறேன்."

சொல்லும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்த்தது. கையை நீட்டினாள்.

"மாத்திரையக் குடுங்க."

"போகலன்னு சொல்லு, தர்றேன்."

அவள் சொல்லவில்லை. மறுபடி நீட்டினாள், மறுபடி அதையே சொன்னேன். ஒரு வார்த்தைதானே, இத்தனை நாள் சொன்னவள்தானே என்று காத்திருந்தேன். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கீழே ரிக்‌ஷாக்காரன் ஹாரன் அடித்தான். இறங்கிப்போய் அவனை அனுப்பிவிட்டு வந்தேன். அதற்குள் முடிந்திருந்தது.

தீப்தி என்னைக் கொலைகாரன் என்கிறாளாம். பாட்டில் என் பையில்தான் இருந்தது, நான்தான் தரவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தந்திருந்தால் எழுந்து நடந்திருப்பாள், சாகேப். மூன்று மாடிப் படி. அவள் இருதயத்துக்கு அது ஆகவே ஆகாது.