ஞாயித்துக்கிழமை கெளம்பின சென்னியப்பன்

...மெஷின் வாங்க வெளிநாடு போறவங்க இப்ப நம்ம சங்கத்துல பாதிப் பேரு ஆயாச்சு. சந்தோஷமுங்க. ஆனா அந்தப் பயணத்தை நல்லபடியா நடத்திக் குடுக்கறது ஆரு? அதுக்கு எங்கிட்ட ஒரு சின்னக் கதை இருக்குது. தலைவரு கடியாரத்தைப் பாக்கறாரு... அஞ்சே நிமிஷமுங்க, முடிச்சுப்போடறேன்.

நம்மளாட்டவே பம்ப்செட் செய்யறவரு ஒருத்தரு. பேரு சென்னியப்பன். நல்ல உழைப்பாளி, தங்கமான மனுசன். ஆனா 'நன்றி'ங்கற வார்த்தை மட்டும் அவரு வாயில வரவே வராது. சிரிக்காதீங்க... உங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருக்கறாரு!

அவரு சீனாவில ஒரு ஃபேக்டரியில புது மெஷினுக்கு ஆர்டர் போட்டிருந்தாரு. நேர்ல போய், ஓட்டிப் பாத்து, கையெழுத்துப் போட்டாத்தான் கப்பல்ல ஏத்துவாங்க. இங்க பழைய மெஷின் உயிரை விட்டாச்சு. புதுசு மாசிக்குள்ள வந்தாகோணும். பங்குனி, சித்திரை வெயில்லதானுங்க மோட்டார் விக்கும்? அந்த சீசன் போச்சுன்னா பட்டறையில அம்பத்திரண்டு பேருக்கு வேலை இல்லை. அம்பத்திரண்டு வீட்டு அடுப்புங்க!

இவரு என்ன பண்ணினாரு? நேரா ஜோசியர் நல்லசிவத்துக்கிட்டப் போனாரு. கிழக்க சூலம் இல்லாத நாள், சந்திராஷ்டமம் இல்லாத நாள், ராகு காலம் படாத நேரம்... எல்லாம் பாத்து, 'வெள்ளிக்கிழமை'ன்னு குறிச்சுட்டு வந்துட்டாரு.

ஆபீஸ்ல பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. டிக்கெட், விசா எல்லாம் அதுதான் பாக்கும். அது கேக்குது, "ஏனுங்ண்ணா, அந்த ஃபேக்டரிக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைப் போட்டுக்கலாமுங்களா? அவங்களுக்கு வருசப் பொறப்பு வருதுங்க..."

"அவங்க வருசப் பொறப்புக்கும் எனக்கும் என்ன அம்மிணி? நானென்ன பலகாரம் திங்கவா போறேன்? டிக்கெட்டைப் போடு!"

பாருங்க! நம்ம பஞ்சாங்கம் முச்சூடும் பாத்தாரு... போற ஊர்ல கதவு தெறந்திருக்குமான்னு பாக்கலை.

பூங்கோதை விடலைங்க. சீனாவுக்குப் போன் போட்டுது. அங்க என்ன சொன்னாங்க? "வியாழக்கிழமையோட பூட்டறோம். இருபது நாளைக்கு ஆள் வராது." இவரு கெளம்பறதே வெள்ளிக்கிழமை! போய்ப் பூட்டைத்தான் பாத்துட்டு வரோணும்.

ஓடி வந்து, "அண்ணா, வெள்ளிக்கிழமை வேண்டாமுங்..."ன்னு ஆரம்பிச்சுது. "குறிச்ச நாளைத் தட்டிப் பேசக்கூடாது!" ஒரே அதட்டு. முழுசாப் பேசவே விடலை.

வேற ஆளா இருந்தா என்ன பண்ணும்? 'பட்டாத்தான் தெரியும்'னு விட்டுரும். நான் விட்டிருப்பேன்! அந்தப் பொண்ணு நேரா ஜோசியர் வீட்டுக்குப் போச்சுங்க. "அய்யா, கும்புடறனுங்க. வெள்ளிக்கு முந்தி வேற நல்ல நாள் இருக்குதுங்களா? அம்பத்திரண்டு பேரு சோறுங்க..." ஜோசியர் கண்ணாடியைப் போட்டாரு. பஞ்சாங்கத்தைப் புரட்டினாரு. "ஞாயித்துக்கிழமை பழுதில்லை கண்ணு." அப்பவே போனை எடுத்தாரு. "சென்னியப்பா, ஞாயித்துக்கிழமை கெளம்பிக்க."

"ஆகட்டுமுங்க!"

ஒரே வார்த்தை... பொட்டியைக் கட்டிட்டாரு!

அங்க போய் எறங்கினா வண்டி வந்து நிக்குது. ஓட்டல் பேரைச் சீன எழுத்துல அச்சடிச்ச அட்டை சட்டைப் பையில இருக்குது. நம்மாளு சுத்த சைவம், பையைத் தெறந்தா பருப்புப் பொடி! ரெண்டு நாள் மெஷினை ஓட்டிப் பாத்தாரு. புதன்கிழமை கையெழுத்து, சாயங்காலமே மெஷின் துறைமுகத்துக்குக் கெளம்பிருச்சு. "நல்லசிவம் குறிச்சா குறிச்சதுதான்!"னு மனுசனுக்கு ஒரே பூரிப்பு.

வியாழக்கிழமை சொல்லிட்டு வரலாம்னு போறாரு... தொழிலாளிங்க பொட்டி படுக்கையோட ஊருக்குப் போறாங்க. கேட்டைப் பூட்டறாங்க. இவருக்கு வேர்த்துப்போச்சு. "நான் நாளன்னிக்கு வந்திருந்தா?" மொழிபெயர்க்கற ஆளு சொல்றாரு, "ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க சார். உங்க ஆபீஸ் பொண்ணு நாலு தடவை பேசுச்சு. பாதி ஃபிட்டருங்க முன்னாடியே ஊருக்குப் போறதா இருந்தாங்க. உங்களுக்காக ரெண்டு பேரை நிறுத்தி வெக்கச் சொல்லிக் கெஞ்சுச்சு."

ஊருக்கு வந்தாரு. அப்பவும் 'நாள் குறிச்சுக் குடுத்தது ஜோசியர்தானே'ன்னு, பழம், வேட்டி எல்லாம் தட்டுல வெச்சு அவரு வீட்டுக்குப் போனாரு. ஜோசியர் தட்டைத் தொடலைங்க. "இது என்னுதில்லைப்பா. அந்தப் பொண்ணு வந்து கேக்கலைன்னா, உன்னைய வெள்ளிக்கிழமை அனுப்பியிருப்பேன். எடுத்துட்டுப் போ."

வேட்டிக்குப் பதிலா ஒரு சேலையை வாங்கி வெச்சு, அதே தட்டோட பட்டறைக்கு வந்தாரு. அத்தனை பேரு முன்னாடி பூங்கோதை மேசைகிட்ட நிக்கறாரு. "அம்மிணி..." தட்டை நீட்டறாரு. "உன்ற பேச்சை நான் காதுல வாங்கலை. மன்னிச்சுக்க. இத்தனை பேரு வயித்தை நீதான் காப்பாத்திக் குடுத்தே. நன்றி தாயி... நல்லா இருப்பே."

பூங்கோதைக்குக் கண்ணுல தண்ணி. ஆனா வாய் என்ன சொல்லுது? "இருக்கட்டுமுங்ண்ணா... மெஷின் எறக்க எடத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க. கப்பல் கெளம்பியாச்சு."

அய்யாமாரே, அம்மாமாரே... பயணம் நல்லா அமைஞ்சா 'என்ற நேரம்'ங்கறோம். கெட்டுப்போனா? 'டிக்கெட் போட்டது ஆருடா?'ங்கறோம். இது நியாயமுங்களா? நல்ல நாள் பாருங்க, வேண்டாங்கலை. போற ஊர்க்காரங்களுக்கு அது நல்ல நாளான்னும் கேளுங்க. கேட்டுச் சொல்ற ஆளு உங்க ஆபீஸ்லயே இருக்குது. அது வாயைத் தெறந்தா முழுசாப் பேச விடுங்க.

நீங்க போயிட்டு வந்த பயணமெல்லாம் ஒருத்தர் உக்காந்து போன் போட்டு, கெஞ்சி, கவலைப்பட்டு நடத்திக் குடுத்ததுங்க. அந்தப் பேரு இப்ப உங்க மனசுல வந்திருக்கும். வந்துதுங்களா? வீட்டுக்குப் போற வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. இங்கிருந்தே கூப்புடுங்க. "உன்னாலதான் நல்லபடியாப் போயிட்டு வந்தேன்"னு சொல்லுங்க... நான் மைக்கை வெச்சுடறேன்.